அப்போலோ 13: ஆக்சிஜன் மிச்சம் இருந்ததாமே, பிறகு எதற்கு அந்தப் பாடு? பள்ளிக் கண்காட்சி மாடலுக்கு உதவி தேவை

குடியாத்தம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் அப்போலோ 13ஐ எடுத்திருக்கிறார்கள். 1970இல் அமெரிக்கா அனுப்பியது; நிலாவில் இறங்கப் போய், வழியில் ஆக்சிஜன் டேங்க் வெடித்து, இறங்க முடியாமல், மூன்று பேரும் உயிரோடு திரும்பிய அந்தப் பயணம். கீழே இருப்பவை நடுவர்கள் கேட்கக்கூடிய கேள்விகள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

1. "ஆக்சிஜன் தீர்ந்து மூச்சுத் திணறினார்கள்" என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். "பாதி ஆக்சிஜன் மிச்சத்தோடுதான் இறங்கினார்கள்" என்று மீதிப் பேர். எது சரி?

2. டேங்க் வெடித்ததற்குக் காரணம் என்ற இடத்தில் ஒரு பையன் "ஷார்ட் சர்க்யூட்" என்று ஒரே வார்த்தை எழுதி வைத்திருக்கிறான். அடுத்த கேள்விக்கே மாட்டிக்கொள்வான்.

3. வெடித்த உடனே ஏன் திரும்பவில்லை? எதற்கு நிலாவைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்?

4. மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச, சதுர டப்பாவை வட்ட ஓட்டைக்குப் பொருத்தின அந்தக் கருவியை நிஜமாகவே வேலை செய்கிற மாதிரி செய்ய முடியுமா? தெர்மாகோல் பொம்மை வேண்டாம். செலவு 4,000 ரூபாய்க்குள். பொருள் வேலூரில் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் ஆன்லைனில்.

---

பாலாற்றங்கரை:

டீச்சர், 1க்கும் 3க்கும் நான் சொல்கிறேன்.

வெடித்தது சர்வீஸ் மாட்யூலில் (பெரிய எஞ்சினும் ஆக்சிஜனும் கரன்ட் கருவிகளும் இருந்த பின்பகுதி) இருந்த 2ஆம் எண் ஆக்சிஜன் டேங்க். அந்த அதிர்ச்சியில் 1ஆம் டேங்கும் கசிந்து சீக்கிரமே காலியானது. அந்த ஆக்சிஜன் மூச்சுக்கு மட்டும் வைத்திருந்தது என்று நினைத்தால் கதை புரியாது. பெரும்பகுதி போனது ஃப்யூயல் செல்லுக்கு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அங்கே சேர்ந்தால் கரன்ட் வரும், கூடவே தண்ணீரும் வரும். குடிநீர் அதுதான். ஆக, டேங்க் போனதும் காற்று, கரன்ட், தண்ணீர் மூன்றும் ஒரே அடியில் போயின. அவர்கள் இருந்த கமாண்ட் மாட்யூல் 'ஒடிஸி'யில் மிஞ்சியவை, கடைசியில் பூமிக்குள் நுழையும்போது மட்டும் பயன்படுத்த வைத்திருந்த 40 ஆம்பியர்-மணி பேட்டரிகள் மூன்றுதான். அதை அணைத்துப் போட்டுவிட்டு, நிலாவில் இறங்க வைத்திருந்த லூனார் மாட்யூல் 'அக்வேரியஸ்'க்குள் போய்விட்டார்கள்.

அக்வேரியஸ் இரண்டு பேருக்கு, சுமார் 45 மணி நேரத்துக்குக் கட்டப்பட்டது. தேவைப்பட்டதோ மூன்று பேருக்கு, கிட்டத்தட்ட நாலு நாள். இதில் ஆக்சிஜன் பிரச்சினையே இல்லை. நிலாவில் நடந்துவிட்டு உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் கேபினைத் திரும்ப நிரப்ப வேண்டுமே, அதற்கென்று தாராளமாக வைத்திருந்தார்கள். நடக்கவே போகவில்லை என்பதால் அது அப்படியே இருந்தது. கடலில் இறங்கியபோது 12.9 கிலோ மிச்சம், பாதிக்கு மேல். மூச்சுக்கு ஆபத்து வந்தது உண்மைதான், ஆனால் அது வெளியே விட்ட கார்பன் டை ஆக்சைடால்.

கழுத்தைப் பிடித்தது தண்ணீர். குடிக்க அல்ல, குளிர்விக்க. வெற்றிடத்தில் சூட்டை எடுத்துப்போகக் காற்று கிடையாது. அதனால் எலக்ட்ரானிக்ஸ் சூட்டை ஒரு திரவத்தில் வாங்கி, அதை ஒரு நுண்துளைத் தகட்டுக்குக் கொண்டுபோவார்கள். தகட்டுக்கு வெளிப்பக்கம் தண்ணீர் கசிந்து, பனிக்கட்டியாகி, அப்படியே ஆவியாகி விண்வெளிக்குப் போகும். போகும்போது சூட்டையும் கொண்டுபோகும். சித்திரை வெயிலில் நம் வீட்டு மண்பானை செய்கிற அதே வேலை. பானை வேர்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் குறையும் இல்லையா, இங்கேயும் அப்படித்தான்.

பிள்ளைகள் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டால் போதும்: கரன்ட் ஓடினால் சூடு வரும், சூடு வந்தால் தண்ணீர் செலவாகும். ஒரு சுவிட்சை அணைத்தால் பேட்டரியும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். அதனால்தான் கம்ப்யூட்டர், திசை காட்டும் கருவி உட்பட எல்லாவற்றையும் அணைத்து 12 ஆம்பியர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 28 வோல்ட்டில் 12 ஆம்பியர் என்றால் சுமார் 340 வாட், நம் வீட்டுச் சீலிங் ஃபேன் நாலைந்து ஓடுகிற கரன்ட். ரேடியோவும் காற்றுச் சுழற்சியும் அதற்குள்ளேதான். கையிருப்பு மொத்தம் 2,181 ஆம்பியர்-மணி. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிக் கணக்கில் சுமார் 35.

குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 180 மில்லிக்கும் குறைவு. ஒரு டம்ளர்கூட இல்லை. மூன்று பேரும் சேர்ந்து 14 கிலோ எடை இழந்தார்கள், அதில் கேப்டன் ஜிம் லவல் மட்டும் 6 கிலோவுக்கு மேல். உடன் போன ஃப்ரெட் ஹெய்ஸுக்குச் சிறுநீர்த் தொற்று. இறங்கியபோது குளிர்விக்கும் தண்ணீர் 12.8 கிலோ மிஞ்சியிருந்தது. சுமார் 150 கிலோவில் தொடங்கியது. எல்லாவற்றையும் அணைத்ததால் குளிர் வேறு. ஒடிஸிக்குள் 3 டிகிரி வரை போனது, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு மாதிரி.

இனி மூன்றாவது கேள்வி. பைபாஸில் யூ-டர்ன் போடுகிற மாதிரி விண்வெளியில் திரும்ப முடியாது. போகிற வேகத்தை முழுதாகக் கொன்று எதிர்ப்பக்கம் வேகம் கொடுக்க வேண்டும். அதற்குப் பெரிய எஞ்சின் ஒன்றுதான், அது வெடித்த அதே சர்வீஸ் மாட்யூலின் அடியில். பற்றவைத்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. அதோடு, எடையைக் குறைக்க அக்வேரியஸைக் கழற்றி விட்டால்தான் அந்தத் திருப்பம் நடக்கும். உயிர்காக்கும் படகைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டைப் படகில் துடுப்பு போட யார் துணிவார்கள்? தரையிலிருந்து பயணத்தை நடத்திய ஃப்ளைட் டைரக்டர் ஜீன் கிரான்ஸ் நிலாவைச் சுற்றி வருவதையே தேர்ந்தெடுத்தார்.

சும்மா விட்டிருந்தாலும் நிலாவே சுற்றி அனுப்பியிருக்கும் என்று சிலர் எழுதுவது தப்பு. ஃப்ரா மௌரோ என்ற இடத்தில் இறங்க வசதியாக, விபத்துக்கு ஒரு நாள் முன்பே, நிலாவைச் சுற்றித் தானாகத் திரும்பும் பாதையை விட்டு விலகியிருந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் பூமியைத் தொடாமல் தாண்டிப் போயிருப்பார்கள். அக்வேரியஸின் இறங்கு எஞ்சினை 34 விநாடி எரித்துத்தான் திரும்பும் பாதைக்கு வந்தார்கள். அந்தப் பாதையும் கொண்டுபோய் விட்டிருக்கும் இடம் நம் இந்தியப் பெருங்கடல். அங்கே மீட்புக் கப்பல் ஏற்பாடு பெரிதாக இல்லை. நிலாவைச் சுற்றி இரண்டு மணி நேரம் கழித்து 4 நிமிடம் 24 விநாடி எரித்தார்கள். வேகம் விநாடிக்குச் சுமார் 262 மீட்டர் கூடியது. வந்து சேரும் நேரம் ஒன்பது பத்து மணி குறைந்தது, இறங்கும் இடமும் பசிபிக்குக்கு மாறியது.

---

சத்துவாச்சாரி சர்க்யூட்:

2ஆவது கேள்வி நம்ம லைன். தம்பி எழுதினது தப்பில்ல டீச்சர், ஆனா அது கடைசி வரி. மேட்டர் ஆரம்பிச்சது வேற எடத்துல.

டேங்குக்குள்ள ரெண்டு ஃபேன், ரெண்டு ஹீட்டர், ஹீட்டர் சூடு ஏறிட்டா அணைக்கிறதுக்கு தெர்மோஸ்டாட் சுவிட்ச். கப்பல் கரன்ட் 28 வோல்ட் டிசி, சுவிட்சும் அதுக்கு ஏத்தது. ஆனா தரையில டெஸ்ட் பண்ணும்போது ஹீட்டருக்கு 65 வோல்ட் குடுக்கிறதுன்னு 1965ல ஸ்பெசிஃபிகேஷன மாத்தினாங்க. மத்ததெல்லாம் மாறுச்சு, சுவிட்ச மட்டும் யாரும் மாத்தல. செஞ்சவங்க, வாங்கினவங்க, செக் பண்ணவங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல.

65க்கும் 28க்கும் அவ்ளோ வித்தியாசமான்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு சின்ன டெமோ. எலக்ட்ரானிக்ஸ் கடையில நீல கலர் சின்ன ரிலே கெடைக்கும், முப்பது ரூபாகூட இருக்காது. மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு பசங்கள படிக்கச் சொல்லுங்க: 10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி, 10 ஆம்பியர் 30 வோல்ட் டிசி. அதே பாயிண்ட், அதே ஆம்பியர். ஏசில 250 தாங்குது, டிசில 30தான். ஏன்னா, பாயிண்ட் பிரியும்போது நடுவுல ஒரு பொறி நிக்கும். ஏசி விநாடிக்கு 100 தடவ சைபருக்கு வந்து போறதால பொறி தானா செத்துடும். டிசி சைபருக்கே வராது, பொறி நின்னு எரியும், உலோகம் உருகும், பாயிண்ட் ரெண்டும் ஒட்டிக்கினு நின்னுடும். மோட்டார் ஸ்டார்ட்டர்ல கான்டாக்டர் பாயிண்ட் வெல்ட் ஆகி, ஆஃப் பட்டன அமுக்கினாலும் மோட்டார் ஓடிக்கினே இருக்குமே, அதே கேஸ்தான்.

ஆனா சுவிட்ச் பிரிஞ்சாத்தானே பொறி? டேங்குல திரவ ஆக்சிஜன் இருக்கிற வரைக்கும் பயங்கர குளிரு, சுவிட்ச் பிரியற சூடே வராது. அதான் எந்த டெஸ்ட்லயும் மாட்டல. மாட்டினது 1970 மார்ச் கடைசில. இந்த டேங்க் முதல்ல அப்போலோ 10க்கு போட்டது. கழட்டும்போது ஒரு போல்ட்ட எடுக்க மறந்துட்டதால டேங்க் இருந்த தட்ட தூக்கும்போது 5 சென்டிமீட்டர் கீழ விழுந்துச்சு. வெளிய அடி தெரியல. உள்ள நிரப்புற குழாய் லூசாகியிருக்கணும். மார்ச் டெஸ்ட் முடிச்சு டேங்க காலி பண்ணப் பாத்தா காலி ஆகல. சரி, ஹீட்டரப் போட்டு கொதிக்க வெச்சு வெளியேத்திடலாம்னு எட்டு மணி நேரம் ஓடவிட்டாங்க. 65 வோல்ட்ல.

ஆக்சிஜன் கொறைய கொறைய சூடு ஏறுச்சு. 27 டிகிரில சுவிட்ச் பிரியப் பாத்துச்சு, அங்கயே ஒட்டிக்கிச்சு. அப்புறம் ஹீட்டர் குழாய் 500 டிகிரிக்கு மேல போயிருக்கு. மீட்டரப் பாத்துக்கினு ஒருத்தர் உக்காந்திருந்தாரு, ஆனா அந்த மீட்டரே 27 டிகிரிக்கு மேல காட்டாது! முள்ளு கடைசில போய் நின்னா "சரியா இருக்கு"ன்னுதான் தோணும். ஹீட்டருக்குப் போற கரன்ட் நடுவுல ஒருவாட்டிகூட கட் ஆகலயேன்னு யாருக்கும் தோணல. எனக்குக் கேட்டா இந்த மொத்த விபத்துலயே பெரிய தப்பு இதுதான்.

அந்த சூட்டுல ஃபேன் ஒயர் மேல இருந்த டெஃப்லான் வெடிச்சு உரிஞ்சு, வெறும் கம்பி. அப்படியே மேல அனுப்பிட்டாங்க. புறப்பட்டு 56 மணி நேரம் ஆகும்போது "டேங்க கலக்கு"ன்னு தரையில இருந்து சொல்ல, மூணு பேர்ல ஒருத்தரான ஜாக் ஸ்வைகர்ட் ஃபேன் சுவிட்ச போட்டாரு. இங்கதான் தம்பி எழுதின ஷார்ட் சர்க்யூட். பொறி பட்டு டெஃப்லான் பத்திக்கிச்சு. சாதாரண காத்துல டெஃப்லான் லேசுல எரியாது, அழுத்தமான சுத்த ஆக்சிஜன்ல எரியும். பிரஷர் ஏறி டேங்க் கிழிஞ்சு, சர்வீஸ் மாட்யூலோட ஒரு பக்கத் தகட்டையே தூக்கி எறிஞ்சிடுச்சு.

இன்னொண்ணு. வழக்கத்த விட அதிகமா கலக்கச் சொன்னதே, அதே டேங்கோட அளவு காட்டற மீட்டர் முன்னாடியே கெட்டுப்போய் 100லயே நின்னதாலதான்.

---

சோடாலைம்:

நாலாவது கேள்வி. முடியும் டீச்சர், நன்றாகவே முடியும். ஆபரேஷன் தியேட்டரில் மயக்கமருந்து மெஷினில் தினமும் நடக்கிற வேலைதான் இது. நோயாளி விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மீதியைத் திரும்ப அனுப்ப ஒரு டப்பா இருக்கும், அதில் சோடாலைம் என்ற சுண்ணாம்புக் குருணை. அப்போலோவில் லித்தியம் ஹைட்ராக்சைடு. காரணம் எடை: 44 கிராம் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க லித்தியம் ஹைட்ராக்சைடு 48 கிராம் போதும், சுண்ணாம்பு என்றால் 74 கிராம் வேண்டும். பிள்ளைகள் கையில் லித்தியம் ஹைட்ராக்சைடு வேண்டவே வேண்டாம், தோலையும் கண்ணையும் அரிக்கும்.

முதலில் உண்மையில் அவர்கள் செய்தது. லூனார் மாட்யூலின் டப்பா உருளை, கமாண்ட் மாட்யூலின் டப்பா சதுரம். சதுர டப்பாக்கள் நிறைய இருந்தும் அக்வேரியஸின் உருளைக் குழியில் நுழையாது. கேபினில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் சுமார் 15 மில்லிமீட்டர் பாதரசத்தை நெருங்கியது. நாம் சாதாரணமாக மூச்சு விடும் காற்றில் அது 0.3 மட்டுமே. தரையில் எட் ஸ்மைலி தலைமையில் ஒரு குழு, மேலே என்னென்ன இருக்கிறதோ அதை மட்டும் வைத்து வழி கண்டுபிடித்தது. செய்முறையை வரி வரியாக ரேடியோவில் படித்துக் காட்டினார்கள், மேலே இருந்தவர்கள் ஒரு மணி நேரம் போலச் செலவழித்து முடித்தார்கள்.

குழிக்குள் நுழைக்கவே இல்லை என்பதுதான் அதில் சூட்சுமம். விண்வெளி உடைக்குக் காற்று போகும் குழாய் இருக்கிறது, அதை இழுக்கும் ஃபேனும் இருக்கிறது. அந்தக் குழாய் வாயைச் சதுர டப்பாவின் மேல் கவரால் மூடிக் கட்டிவிட்டால், கேபின் காற்று டப்பா வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். கவர், நிலாவில் நடக்கும்போது போடும் உள்ளுடையின் உறை. டேப்பைச் சுமார் 90 செ.மீ. வெட்டி, பசைப் பக்கம் வெளியே இருக்கும்படி டப்பாவைச் சுற்றினார்கள்; கவரின் விளிம்பு அதன் மேல் ஒட்டிக்கொள்ளும், அதற்கு மேல் இன்னொரு சுற்று. குறிப்பு அட்டையை வளைத்து, டப்பாவின் முகத்துக்கு மேல் கூரை மாதிரி நிறுத்தினார்கள். கவரின் மூலையில் சின்ன ஓட்டை, அதில் குழாய், சுற்றி டேப். டப்பாவின் அடியில் நடுவே ஒரு பைபாஸ் ஓட்டை உண்டு. அதைத் துணியால் அடைக்காவிட்டால் காற்று மருந்தைத் தொடாமல் நழுவிவிடும். சாக்ஸை வைத்து அடைத்தார்கள் என்ற கதை இங்கேதான் வருகிறது.

இனி உங்கள் மாடல்.

கேபின்: மூடி போட்ட, உள்ளே தெரிகிற 50 லிட்டர் பிளாஸ்டிக் டப். மூடியில் ஊதுவதற்கு ஒரு குழாய், ஊதும்போது காற்று வெளியேற ஒரு சின்ன ஓட்டை. ஊதி முடித்ததும் இரண்டையும் டேப் போட்டு அடைக்க வேண்டும். ஒயர் வரும் இடத்தில் எம்-சீல்.

மீட்டர்: எம்.எச்-இசட் 19 என்ற கார்பன் டை ஆக்சைடு சென்சார், அதைப் படிக்க ஓர் ஆர்டுயினோ (புரோகிராம் போடக்கூடிய சின்ன எலக்ட்ரானிக் பலகை), சின்ன டிஸ்ப்ளே. செலவில் பெரும்பகுதி இதுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று எம்.க்யூ 135 என்ற சென்சாரை வாங்கிவிடாதீர்கள். அது சாராயம், புகை, அம்மோனியா எதற்கும் முள் காட்டும்.

சதுர டப்பா: அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ். மேலும் கீழும் ஜன்னல் வெட்டி உள்பக்கம் கொசுவலை ஒட்டுங்கள். உள்ளே 3 செ.மீ. உயரத்துக்குச் சோடாலைம். சர்ஜிகல் கடையில் 5 கிலோ கேனாகத்தான் வரும், 250 கிராம் சில்லறையாகக் கேட்டுப் பாருங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். அதில் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடும் உண்டு. புதுசு வெள்ளையாக இருக்கும், உறிஞ்சித் தீர்ந்தால் ஊதா நிறமாகும். ஓய்வாக விட்டால் மறுபடி வெளுத்துவிடும், அதை நம்பி மறுநாள் பயன்படுத்தாதீர்கள்.

குழாய்: வாஷிங் மெஷினின் வடிகால் குழாய், அரை மீட்டர். அதன் மறுமுனையில் 12 வோல்ட் ப்ளோயர். கம்ப்யூட்டர் டப்பாவில் இருக்கும் சாதாரண இறக்கை ஃபேன் இதற்கு உதவாது. திறந்த வெளியில் நன்றாக வீசும், மருந்துப் படுகை வழியாக இழுக்கச் சொன்னால் சும்மா சுற்றும். நத்தை ஓடு வடிவில் வரும் ப்ளோயர்தான் வேண்டும். டப்பா, குழாய், ப்ளோயர் எல்லாம் டப்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும்.

ஓட்டும் முறை: சென்சாரை மூன்று நிமிடம் சூடாக விடுங்கள். மீட்டர் 400, 500 காட்டும் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்று கணக்கு). ஒரு பிள்ளை மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு மூச்சாக, நடுவே கொஞ்சம் பொறுத்து ஊதட்டும். எண் 3,000ஐத் தொட்டதும் நிறுத்திவிடலாம். 5,000க்கு மேல் சென்சார் காட்டாது, ஆர்வத்தில் ஊதித் தள்ள வேண்டாம். பிறகு ப்ளோயரைப் போடுங்கள். சென்சார் மெதுவாகத்தான் உணரும், இரண்டு நிமிடம் பொறுத்து எண் இறங்கத் தொடங்கும்.

இறங்கவில்லை என்றால் மூன்றில் ஒன்று. டேப்பில் எங்கோ சந்து, காற்று அதன் வழியாகக் குறுக்கே போகிறது. அல்லது மருந்து சரியாக நிரம்பாமல் ஒரு பக்கம் ஒதுங்கி, ஓரமாக ஒரு வழி உண்டாகியிருக்கிறது. டப்பாவைத் தட்டித் தட்டி மட்டமாக்குங்கள். தியேட்டரிலும் இதே கோளாறு வரும். மூன்றாவது, மருந்து காய்ந்து போயிருக்கிறது. சோடாலைமில் பதினைந்து சதவீதம் போல ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும்.

நடுவர் வந்தால் காட்ட ஒன்று: அட்டைக் கூரையை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். கவர் அப்படியே உறிஞ்சப்பட்டு மருந்தின் மேல் ஒட்டிக்கொள்ளும், ப்ளோயரின் சத்தமே மாறும், எண் நின்றுவிடும். ஓர் அட்டைத் துண்டு எதற்கு என்று யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

---

ஜவ்வாது மலை:

ஸ்டாலுக்கு ஓர் அளவுகோல். 30 செ.மீ. பூமி உருண்டை வைத்தால் நிலா ஒரு சாத்துக்குடி, 8 செ.மீ. இரண்டுக்கும் நடுவே 9 மீட்டர் நூல். டேங்க் வெடித்தது பூமியிலிருந்து சுமார் 7.8 மீட்டரில். நிலாவின் மறுபக்கத்தில் 254 கி.மீ. உயரத்தில் கடந்தார்கள். இந்த அளவில் அது சாத்துக்குடித் தோலிலிருந்து 6 மில்லிமீட்டர்.

நேரத்தை நம் கடிகாரப்படி போடச் சொல்லுங்கள், பார்க்கிறவர்களுக்கு ஒட்டும். புறப்பட்டது 1970 ஏப்ரல் 12 நள்ளிரவு 12.43. வெடித்தது 14ஆம் தேதி காலை 8.38, அதாவது சித்திரை முதல் நாள். பிறந்த வருஷத்தின் பெயர் 'சாதாரண', என்ன பொருத்தமோ! வடார்க்காட்டில் பஞ்சாங்கம் படித்துக்கொண்டிருந்த நேரம். அப்போது நிலா நமக்கு அடிவானத்துக்குக் கீழே, மதியம்தான் எழும். நிலாவுக்குப் பின்னால் போனது 15ஆம் தேதி விடியற்காலை, பெரிய எரிப்பு அன்று காலை 8.10. பசிபிக்கில் விழுந்தது 17ஆம் தேதி இரவு 11.37.

பாலாற்றங்கரை சாருக்கு ஒரு சேர்க்கை. அந்த 'மண்பானை' இன்னொரு வேலையும் செய்தது. வெளியேறும் ஆவி மெல்லிய உந்துதலாகி, பூமிக்குள் நுழையும் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் குறைந்த கோணத்துக்குத் தள்ளிக்கொண்டே போனது. வழியில் திருத்தவேண்டி வந்தது. கம்ப்யூட்டர் அணைந்திருந்ததால், ஜன்னல் குறிக்கோட்டைப் பூமியின் பகல்-இரவு எல்லையோடு பொருத்தி, ஸ்வைகர்ட் கைக்கடிகாரத்தில் எண்ண, 14 விநாடி எரித்தார்கள்.

அதிர்ஷ்டத்தையும் ஒரு வரி எழுதலாம். வெடிப்பு போகும் வழியில் நடந்ததால் அக்வேரியஸ் நிரம்பிய நிலையில் இருந்தது. நிலாவில் இறங்கி ஏறின பிறகு நடந்திருந்தால் படகே இல்லை. 1968 டிசம்பரில் நிலாவைச் சுற்றிய அப்போலோ 8இல் லூனார் மாட்யூலே கிடையாது.

---

குடியாத்தம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ரிலே வாங்கியாயிற்று, எழுத்து அப்படியேதான் இருக்கிறது! மூன்று சந்தேகம். சோடாலைம் சில்லறையாகக் கிடைக்கவில்லை. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு உதவுமா? அணைத்துப் போட்ட ஒடிஸியை மூன்று நாள் கழித்து எப்படி ஓட்டினார்கள், பேட்டரி பத்தியதா? அடுத்த பயணத்துக்கு என்ன மாற்றினார்கள்?

---

சத்துவாச்சாரி சர்க்யூட்:

பேட்டரி: வெடிச்ச நேரத்துல ஒடிஸி பேட்டரி கொஞ்சம் செலவாயிடுச்சு, சுமார் 20 ஆம்பியர்-மணி. ரெண்டு கப்பலுக்கும் நடுவுல கரன்ட் கொண்டுபோற ஒயர் இருந்துச்சு, வழக்கமா ஒடிஸில இருந்து அக்வேரியஸுக்குப் போகும். அத தலைகீழா ஓட்டி சார்ஜ் ஏத்தினாங்க. அப்புறம் எத எந்த வரிசையில ஆன் பண்ணாலும் ஆம்பியர் தாண்டக்கூடாது. ஜான் ஆரன் கணக்குப் போட, கென் மேட்டிங்லி சிமுலேட்டர்ல ஓட்டிப் பாத்தாரு. அம்மை தொத்தியிருக்கலாம்னு கடைசி நேரத்துல பயணத்துல இருந்து எறக்கிவிட்டாங்களே, அதே ஆளு. உள்ள பேனல் பூரா தண்ணி முத்து முத்தா நின்னுச்சு. இருந்தும் ஷார்ட் ஆகல. 1967 அப்போலோ 1 தீ விபத்துக்கு அப்புறம் ஒயரிங் இன்சுலேஷன இறுக்கி வெச்சிருந்தாங்க.

மாத்தினது: டேங்குல ஃபேன எடுத்துட்டாங்க, ஒயருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை, மூணாவது ஆக்சிஜன் டேங்க் தனியா வேற பக்கம், கூடுதலா 400 ஆம்பியர்-மணி பேட்டரி ஒண்ணு.

---

சோடாலைம்:

வெற்றிலைச் சுண்ணாம்பு களியாக இருக்கும், காற்று புகாது. நீர்த்த சுண்ணாம்புத் தூள் வாங்குங்கள், வெள்ளையடிக்கிற பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். தூளாகவே போட்டால் அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் ப்ளோயர் இழுத்துத் தூசாகக் கிளப்பும். தண்ணீர் தெளித்துப் புட்டு மாவு பதத்துக்குப் பிசறுங்கள்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். பெரிய கண் சல்லடையில் தேய்த்தால் குருணை குருணையாக விழும். நிழலில் ஒரு மணி நேரம் போதும். நம் ஊர் வெயிலில் வைத்தால் ஈரம் முழுதும் போய் வீணாகிவிடும். உடனே மூடிய டப்பாவில் போடுங்கள், திறந்து வைத்தால் கண்காட்சிக்கு முன்பே அறைக் காற்றை உறிஞ்சித் தீர்ந்துவிடும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள், தூசு கண்ணில் பட்டால் ஆபத்து. சோடாலைமை விட மெதுவாகத்தான் உறிஞ்சும், அதனால் படுகையை 5 செ.மீ. வையுங்கள். ஸ்வீட் பாக்ஸ் அதற்குப் போதாது, ஒரு கிலோ பாக்ஸ் எடுங்கள்.

இன்னொன்று விட்டுப்போனது. அந்தச் சென்சார் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தான் பார்த்த மிகக் குறைந்த எண்ணை 400 என்று தானாகத் திருத்திக்கொள்ளும். ஆள் நிறைந்த ஸ்டாலில் இரண்டு நாள் ஓடினால் கணக்கு பிசகும். புரோகிராமில் அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைக்க ஒரு வரி உண்டு, முதல் நாளே அணைத்துவிடுங்கள்.